ஆம்பூர் இன்னும் எழுந்திருக்கவில்லை

அந்த ஒரு வருஷம் என் போனில் ஆட்களைவிட ஊர்கள்தான் முக்கியமாக இருந்தன. ஆம்பூர், ஆற்காடு, ஆரணி, காட்பாடி, குடியாத்தம் என்று ஐந்து எண்களைச் சேமித்து வைத்திருந்தேன். விடியற்காலை ஐந்து மணிக்கு ஒவ்வோர் ஊராக வந்து சேரும். "ஆற்காடு வந்தாச்சு." "காட்பாடி, மைக்கை ஆன் பண்ணுங்க." "ஆம்பூர் இன்னும் எழுந்திருக்கலை போல, யாராவது ஒரு மிஸ்டுகால் குடுங்க." ஒருநாள் என் கணவர் தூக்கக் கலக்கத்தில், "காட்பாடியில ரயில் எதுனா நிக்குதா?" என்று கேட்டுவிட்டு மறுபடி தூங்கிப்போனார்.

நாங்கள் ஆறு பேர் அரசு வேலைக்கான குரூப் 4 தேர்வுக்குப் படித்துக்கொண்டிருந்தோம். நான் வேலூர், சேண்பாக்கம். மற்றவர்கள் போனில் நான்தான் 'வேலூர்'. ஆறு பேரில் இரண்டு பேரை மட்டும்தான் நான் நேரில் பார்த்திருந்தேன், அதுவும் நூலகத்து மேசைக்கு எதிரும் புதிருமாக, பேசாமல்.

ஊர்ப் பெயரில் சேமிக்கும் பழக்கம் அதற்கு முன்னால் இருந்த பெரிய குழுவில் தொற்றியது. 2021 மே மாதம் இரண்டாம் அலை ஊரடங்கு வந்து நூலகத்தைப் பூட்டியதும், யாரோ யாரையோ சேர்த்து, அவர்கள் இன்னும் யாரையோ சேர்த்து, ஒரு வாட்ஸ்அப் குழு உருவானது. அப்போது ஒரு குழுவில் 256 பேர்தான் இருக்க முடியும். எங்கள் குழு ஒரே வாரத்தில் நிரம்பியது. நிரம்பிய அன்று எல்லாருக்கும் ஒரே பெருமை, ஏதோ தேர்விலேயே தேறிவிட்ட மாதிரி.

அங்கே நடந்ததைப் படிப்பு என்று சொல்ல எனக்கு மனசு வரவில்லை. காலையில் நாற்பது பூங்கொத்து. பிறகு பிடிஎஃப். ஆறாம் வகுப்புத் தமிழ், ஆறாம் வகுப்புத் தமிழ் சுருக்கம், அந்தச் சுருக்கத்தின் சுருக்கம், யாரோ ஒருவர் கையால் எழுதிய குறிப்பு, அதையே இன்னொருவர் தலைகீழாக ஸ்கேன் செய்தது. ஒவ்வொன்றுக்கும் கீழே "நன்றி சகோ" வரிசை. நடுநடுவே யாராவது பயிற்சி மைய விளம்பரம் போடுவார்கள், அதற்கு அட்மின் திட்டுவார், திட்டியதற்கு நாலு பேர் விலகுவார்கள். ஒருநாள் போனில் இடமில்லை என்று வந்தது. எண்ணிப் பார்த்தேன், ஆயிரத்துச் சொச்சம் கோப்பு. அதில் நான் திறந்து படித்தவை பத்துக்குள் இருக்கும். சேமித்து வைத்தாலே படித்த மாதிரி ஒரு நிம்மதி வந்துவிடுகிறதே, அதுதான் கெடுத்தது.

'ஊர் கூடித் தேர் இழு' என்பார்கள். திருவிழாவில் வடம் பிடித்தவர்களுக்குத் தெரியும், பிடித்தவர்கள் எல்லாரும் இழுப்பதில்லை. பாதிப் பேர் புண்ணியத்துக்குத் தொட்டுக்கொண்டு நடப்பார்கள். ரிங்கெல்மான் என்ற பிரெஞ்சு வேளாண் பொறியாளர் இதைக் கருவி வைத்து அளந்தே பார்த்திருக்கிறார். 1913-இல் வெளிவந்த அவருடைய கணக்குப்படி, எட்டுப் பேர் சேர்ந்து கயிற்றை இழுக்கும்போது ஒவ்வொருவரும் தனியாக இழுப்பதில் ஏறக்குறைய பாதி பலத்தைத்தான் போடுகிறார்கள். எட்டுப் பேருக்கே அந்தக் கதி. நாங்கள் 256.

ஆகஸ்டில் ஆற்காட்டுத் தம்பிதான் தனியாகக் கேட்டான். "அக்கா, இந்தக் கூட்டத்துல யாருன்னா நெஜமா படிக்கிறாங்களா?" வரலாறு படித்தவன். பெரிய குழுவில் யாராவது தப்பான விடை போட்டால் பொறுக்காமல் பக்க எண்ணோடு திருத்துவான். அவன் ஒருவரைச் சொன்னான், நான் ஒருவரைச் சொன்னேன். இப்படித்தான் ஆறு பேர் ஆனோம். யார் கெட்டிக்காரர் என்று பார்த்துச் சேர்க்கவில்லை. பெரிய குழுவில் 'தெரியலை' என்று எப்போதாவது எழுதியவர்களை மட்டும் சேர்த்தோம். 256 பேரில் அப்படி எழுதியவர்கள் அவ்வளவுதான் கிடைத்தார்கள்.

குழுவுக்கு 'வட ஆற்காடு' என்று பெயர் வைத்தது ஆம்பூர் அண்ணன். ஷூ கம்பெனியில் கட்டிங் செக்‌ஷனில் இருந்தார். எங்களில் வயதில் மூத்தவர், வட ஆற்காடு ஒரே மாவட்டமாக இருந்த காலத்தில் பிறந்தவர். 1989-இல் திருவண்ணாமலைப் பக்கம் தனியாகப் போனது. மிச்சமிருந்ததற்குப் பிறகு வேலூர் மாவட்டம் என்று பெயர் வந்து, 2019-இல் அதுவும் வேலூர், ராணிப்பேட்டை, திருப்பத்தூர் என்று மூன்றாகப் பிரிந்தது. எங்கள் ஆறு ஊர்களை எடுத்தால் ஆம்பூர் திருப்பத்தூர் மாவட்டம், ஆற்காடு ராணிப்பேட்டை, ஆரணி திருவண்ணாமலை, மற்ற மூன்றும் வேலூர். "கலெக்டருங்க நாலு பேர் பிரிச்சு வெச்சிக்கிறாங்க, நாம ஒண்ணா இருப்போம்" என்றார் அண்ணன். புதிய மாவட்டங்களின் பட்டியல் பொது அறிவுப் பகுதிக்கு வேண்டியது என்பதால் அன்றைக்கே அது ஒரு பாடமாகவும் ஆகிப்போனது.

கூகுள் மீட்டில் கூடினோம். முதல் வருஷத்துக் கொரோனா காலத்தில் அதில் நேரக் கட்டுப்பாடு கிடையாது. நாங்கள் ஆரம்பித்தபோது காசு கட்டாதவர்களுக்கு ஒரு மணி நேரம்தான் என்று ஆகியிருந்தது. ஐந்தே முக்காலுக்கு மேல் திரையில் எச்சரிக்கை வரும், ஆறு மணிக்கு அறுந்துவிடும். முதலில் எரிச்சலாக இருந்தது. இரண்டு வாரத்தில் அதைவிட நல்ல வாத்தியார் கிடையாது என்று புரிந்தது. ஆறு மணிக்குப் பாதி வாக்கியத்தில் யாராக இருந்தாலும் வாயை மூடிவிடும். அண்ணனுக்கு ஷிப்ட் பஸ், குடியாத்தம் அக்காவுக்குப் பிள்ளைகள், எனக்குக் குழாய்த் தண்ணீர். நேரம் வரம்பில்லாமல் கிடைத்திருந்தால் நாங்கள் பேசியே தீர்த்திருப்போம்.

முகம் காட்டுவதில்லை என்று முதல் நாளே முடிவு செய்தோம். தினம் ஒன்றரை ஜிபி டேட்டாவில் வீட்டுக்கே படம் ஓட வேண்டும். குரல் மட்டும் என்றால் சில்லறையாகத்தான் செலவாகும். இன்னொரு காரணமும் உண்டு. விடியற்காலையில் நைட்டியோடும் கலைந்த தலையோடும் உட்கார்ந்திருக்கும் பெண்கள் மூன்று பேர் குழுவில் இருந்தோம்.

இதைக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். ஆன்லைனில் சேர்ந்து படிக்கலாம் வாங்க என்று கூப்பிடுகிறவர்கள் யாரும் இதைச் சொல்வதில்லை. குடியாத்தம் அக்கா வீட்டில் ஒரே போன், அது வீட்டுக்காரர் போன். பகலில் பிள்ளைகளின் ஆன்லைன் வகுப்புக்கு அதுதான். அக்காவுக்குக் கிடைத்த நேரம் எல்லாரும் தூங்கும் அந்த விடியற்காலை மட்டும். ஐந்து மணி என்று நேரம் குறித்ததே அதற்காகத்தான், பிரம்ம முகூர்த்தத்தில் படித்தால் மண்டையில் ஏறும் என்பதற்காக இல்லை. ஆனால் விடியற்காலையில் ஒரு பெண் அடுப்படியில் உட்கார்ந்து இயர்போனை மாட்டிக்கொண்டு, முகம் தெரியாத ஆண்களோடு கிசுகிசுவென்று பேசினால் வீடு என்ன நினைக்கும்? என் மாமியார் நேராகவே கேட்டார். "இன்னாத்துக்கு இந்நேரத்துல ரகசியமா பேசிகினு கீற?"

அவரிடம் விளக்கம் எதுவும் சொல்லவில்லை. மறுநாள் இயர்போனைக் கழற்றி, ஸ்பீக்கரில் போட்டு, போனை அவர் பீடி சுற்றும் முறத்துக்குப் பக்கத்தில் வைத்தேன். இலை வெட்டிக்கொண்டே கேட்டார். ஒரு வாரம் முகத்தை உம்மென்று வைத்திருந்தார். அப்புறம் ஒருநாள் நான் தாமதமாக எழுந்து ஓடி வந்தால், அவர் முந்திக்கொண்டு, "ஆற்காடு வந்துட்சி, அந்த ஆம்பூர் புள்ளதான் இன்னும் வரல" என்றார். அன்றிலிருந்து வருகைப் பதிவேடு அவர் கையில். அக்காவிடமும் இதைச் சொன்னேன். அவர் வீட்டில் இது எடுபடவில்லை. ஸ்பீக்கரில் ஆண் குரல் கேட்டதும் ரகளை ஆயிற்று. கடைசியில் நானும் காட்பாடியும் மட்டும் அவரை மதியத்தில் பத்து நிமிஷம் தனியாக அழைத்து, அன்றைய கேள்விகளைக் கேட்போம் என்று வைத்துக்கொண்டோம். ஐந்து மணிக்கு அவர் கேட்டுக்கொண்டு மட்டும் இருப்பார், பேசமாட்டார். ஆண்கள் அது ஏன் என்று ஒருநாளும் கேட்கவில்லை. அதற்காகவே அவர்கள்மேல் எனக்கு மரியாதை.

படித்த முறைக்கு வருகிறேன். முதல் மாதம் ஒருவர் பாடத்தை வாசிப்பார், மற்றவர்கள் கேட்போம். இனிமையாகத் தூக்கம் வந்தது. அதைக் கலைத்துப் போட்டது காட்பாடித் தங்கை. "நீங்க வாசிக்காதீங்க. நீங்க படிச்சிட்டு வந்து எங்களைக் கேளுங்க" என்றாள். ஆளுக்கு ஒரு பாடம், ஒவ்வொருவரும் பத்துக் கேள்வி தயார் செய்து வர வேண்டும். மற்றவர்கள் புத்தகத்தை மூடிவிட்டுப் பதில் சொல்ல வேண்டும். கேள்வி கேட்பதற்காகப் படிக்கும்போதுதான் பாடம் என்ன சொல்கிறது என்றே தெரிகிறது. எங்கே தப்பு வரும், எந்த நாலு விடையைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால் ஆள் தடுக்கி விழுவார் என்று யோசித்தால், அந்தப் பக்கம் ஆயுசுக்கும் மறக்காது.

நன்னூல் எங்கள் பாடத்திட்டத்தில் இருந்தது. ஆசிரியர் யார், எழுதச் சொன்ன சிற்றரசன் யார் என்பதோடு நாங்கள் அதைக் கடந்துவிடுவோம். ஆற்காட்டுத் தம்பிதான் அதன் பாயிரத்திலிருந்து ஒன்றை எடுத்து வந்தான். ஆசான் சொன்னதை முழுக்க வாங்கிக்கொண்டாலும் கிடைப்பது புலமையில் கால் பங்குதானாம். உடன் படிப்பவர்களோடு பழகுவதில் இன்னொரு கால். மீதி அரைப் பங்கு, பிறருக்கு எடுத்துச் சொல்லும்போது வருமாம். பவணந்தி முனிவர் பதிமூன்றாம் நூற்றாண்டிலேயே கணக்குப் போட்டு வைத்துவிட்டார். "அப்ப நம்ம குரூப்புல முக்கால் பங்கு கிடைக்குது, ஆசான்தான் இல்லை" என்றார் ஆம்பூர் அண்ணன்.

அந்த அண்ணன் பத்தாவதோடு படிப்பை நிறுத்தியவர். ஆங்கிலச் சொல் வந்தால் தயங்குவார். கணக்கில் மட்டும் பொறியியல் முடித்த காட்பாடியையே மிரள வைப்பார். 'ஒரு வேலையை ஒருவர் 12 நாளிலும் இன்னொருவர் 15 நாளிலும் முடிப்பார், இருவரும் சேர்ந்தால் எத்தனை நாள்?' இதைக் காட்பாடி பன்னிரண்டில் ஒன்று, பதினைந்தில் ஒன்று என்று பின்னமாகக் கூட்டிக்கொண்டிருந்தாள். அண்ணன் குறுக்கே வந்தார். "வேலைன்னு ஏன் காத்துல பேசறீங்க? 60 ஜோடி ஷூன்னு வெச்சுக்கோங்க. மொதல் ஆளு ஒரு நாளைக்கு அஞ்சு ஜோடி, ரெண்டாவது ஆளு நாலு ஜோடி. சேர்ந்தா ஒன்பது. அறுபதுல ஒன்பது எத்தினி தபா போவுது? ஆறே முக்கால் இல்ல, ஆறும் மூணுல ரெண்டும்." மீச்சிறு பொது மடங்கு என்ற சொல்லே அவர் வாயில் வரவில்லை. தினமும் எத்தனை ஜோடி ஷூவுக்கு மேல்தோல் வெட்டினால் டார்கெட் முடியும் என்று போட்டுப் பழகிய கணக்கு அது. வட்டிக் கணக்குக்குக் குடியாத்தம் அக்கா. தறிக்கு வாங்கிய கடனை அடைத்த அனுபவம். கூட்டு வட்டி என்றால் என்ன என்று அவருக்கு யாரும் வாய்பாடு சொல்லித்தர வேண்டியிருக்கவில்லை.

2021 டிசம்பரில் ஒரு அரசாணை வந்தது. அதுவரை குரூப் 4-இல் பொதுத்தமிழ், பொது ஆங்கிலம் இரண்டில் ஒன்றை எடுத்துக்கொள்ளலாம். இனி எல்லாருக்கும் தமிழ்தான் என்றார்கள். 200 கேள்வியில் 100 தமிழ். அந்த 150 மதிப்பெண்ணில் 40 விழுக்காடு, அதாவது 60, எடுக்காவிட்டால் மற்ற விடைகளைத் திருத்தவே மாட்டார்கள். காட்பாடி எல்கேஜியிலிருந்து ஆங்கில வழி. அன்றைக்கு மீட்டில் அவள் குரல் வரவில்லை. சிவப்புக் கோடு போட்ட மைக் மட்டும் தெரிந்தது. மறுநாள், "நான் விலகிக்கிறேன், உங்களுக்குத்தான் பாரம்" என்று செய்தி போட்டாள்.

அவளுக்கு இலக்கணம் நடத்தியது எங்கள் எல்லாருக்கும் லாபம். வினைத்தொகையை ஊறுகாய் வைத்துத் தொடங்கினோம். ஊறின காய், ஊறுகின்ற காய், ஊறப்போகிற காய், மூன்று காலத்தையும் விழுங்கிவிட்டு ஒன்றும் தெரியாத மாதிரி நிற்கிறதா, அதுதான். சுடுசோறு, சுடுமணல் என்று அவளாகவே போனாள், பாலாற்று மணலில் மே மாதம் கால் வைத்தவள் ஆயிற்றே. ஆகுபெயரில்தான் சிக்கிக்கொண்டாள். ஒன்றின் பெயர் அதோடு தொடர்புடைய இன்னொன்றுக்கு ஆகி வருவது என்று நான் நாலு முறை சொன்னேன். 'ஊர் சிரித்தது' என்ற எடுத்துக்காட்டையும் சொன்னேன். "ஊர் எப்படி அக்கா சிரிக்கும்?" என்று கேட்டுக்கொண்டே இருந்தாள். அப்போது ஆற்காடு வழக்கம்போல இடையில் புகுந்து, "அதை விடுங்க, ஆம்பூர் இன்னும் எழுந்திருக்கலையா?" என்றான். இரண்டு விநாடி அமைதி. பிறகு காட்பாடி கத்தினாள், "அண்ணா, அதான், அதான்! ஆம்பூர் எழுந்திருக்கலைன்னா இடவாகுபெயர்!" ஊரா எழுந்திருக்கவில்லை? ஊரில் இருக்கும் ஆள். நாலு மாதமாக நாங்கள் ஆறு பேரும் இடவாகுபெயராகவே வாழ்ந்துகொண்டிருந்திருக்கிறோம், எனக்கும் அதுவரை உறைக்கவில்லை.

தினமும் கடைசிப் பத்து நிமிஷத்துக்கு 'மக்கு நேரம்' என்று பெயர். கேட்கவே வெட்கமான கேள்விகளை மட்டும்தான் அப்போது கேட்கலாம். யாரும் சிரிக்கக் கூடாது, 'இதுகூடத் தெரியாதா' என்று சொன்னால் மறுநாள் அவர் இருபது கேள்வி கொண்டுவர வேண்டும். குடியாத்தம் அக்கா எழுத்தில் கேட்டார்: 'பதினஞ்சு வருஷமா ஓட்டு போடறேன். ராஜ்யசபா எம்.பி.க்கு நான் எப்பவும் போட்டதே இல்லையே, அவங்களை யார் எடுக்கறது?' தமிழ்நாட்டிலிருந்து 18 பேர், எம்.எல்.ஏ.க்கள் 234 பேரும் சேர்ந்து தேர்ந்தெடுக்கிறார்கள், ஆறு வருஷப் பதவி, இரண்டு வருஷத்துக்கு ஒருமுறை மூன்றில் ஒரு பங்கினர் ஓய்வு பெறுவார்கள் என்று ஆற்காடு சொன்னான். அக்கா கேட்டதால்தான் எனக்கும் தெரிந்தது. கேட்டிருக்காவிட்டால் தெரிந்த மாதிரியே தலையாட்டிக்கொண்டு தேர்வுக்கூடம் வரை போயிருப்பேன்.

பிற்பாடு ஒரு விஷயம் படித்தேன். 1970-களில் அமெரிக்காவில் பெர்க்லி பல்கலைக்கழகத்தில் யூரி டிரைஸ்மன் என்ற கணித ஆசிரியர், கருப்பின மாணவர்கள் ஏன் கால்குலஸில் இவ்வளவு தோற்கிறார்கள் என்று பார்க்கப் போனார். ஆர்வமில்லை, குடும்பத்தில் ஊக்கமில்லை என்று சக ஆசிரியர்கள் காரணம் அடுக்கினார்களாம். அவர் மாணவர்கள் கூடவே இருந்து கவனித்தார். அவர்கள் உழைக்கத்தான் செய்தார்கள், ஆனால் ஒவ்வொருவரும் தனியாக, அறைக் கதவை மூடிக்கொண்டு. நன்றாகத் தேறிய சீன வம்சாவளி மாணவர்கள் வீட்டுப்பாடத்தைத் தனித்தனியாகப் போட்டுவிட்டு, இரவில் ஒன்றாக உட்கார்ந்து ஒருவர் விடையை இன்னொருவர் சரிபார்த்துக்கொண்டார்கள். தனக்குத் தெரியாதது தனக்கு மட்டும்தானா, இல்லை எல்லாருக்குமே கஷ்டமா என்று அவர்களுக்குத் தெரிந்திருந்தது. தனியாக இருந்தவன் ஒவ்வொரு தப்பையும் தன் தலையெழுத்து என்று எடுத்துக்கொண்டான். நூலகத்தில் இரண்டு வருஷம் எதிரெதிரே உட்கார்ந்து ஒரு வார்த்தை பேசாமல் படித்த எனக்கு அது நன்றாகவே புரிந்தது.

எல்லாம் இப்படித் தேனும் பாலுமாகவே போயிற்று என்று நினைத்துவிட வேண்டாம். நானே ஒரு திருட்டுத்தனம் செய்தேன். பழைய புத்தகக் கடை ஒன்றில், பத்து வருஷத்துத் தமிழ் வினாக்களைத் தலைப்பு வாரியாகப் பிரித்து யாரோ ஒட்டி பைண்டு செய்து வைத்திருந்த கட்டு ஒன்று கிடைத்தது. முந்நூற்றைம்பது ரூபாய். மூன்று வாரம் குழுவில் மூச்சு விடவில்லை. டெலிகிராமில் நாங்கள் நடத்திய 25 கேள்வித் தேர்வில் 23 வாங்கினேன். "எப்படிம்மா?" என்று அண்ணன் கேட்டார். "சும்மா படிச்சேன்" என்றேன். அதைச் சொல்லிவிட்டு அன்றைக்குச் சாப்பாடு இறங்கவில்லை. அண்ணனுக்கு ஷிப்ட் முடிந்து வரவே இரவாகும், அவர் எங்கே புத்தகக் கடை தேடிப் போவார்?

அந்தத் தேர்வுக்கு 7,301 இடம் என்று 2022 மார்ச்சில் அறிவிப்பு வந்தது, பிறகு பத்தாயிரத்தைத் தாண்டியது. விண்ணப்பித்தவர்கள் 22 லட்சம் பேர். அதில் என்னோடு படிக்கும் ஐந்து பேருக்குப் போட்டி என்று மறைத்து வைத்து என்ன ஆகப்போகிறது? கணக்கு நன்றாகத் தெரிகிறது, ஆனாலும் கை இறுகிக்கொள்கிறது. அந்த அறிவிப்புக்கெல்லாம் முன்பே ஒருநாள் மக்கு நேரத்தில் சொல்லிவிட்டேன். திட்டுவார்கள் என்று காத்திருந்தேன். அண்ணன் தொண்டையைக் கனைத்தார். "என்கிட்டயும் ஒரு ஷார்ட்கட் நோட்டு கீது. மாமா பையன் குடுத்தது." ஆற்காட்டிடம் ஒரு வருஷத்து நடப்பு நிகழ்வுக் குறிப்பு இருந்தது. காட்பாடி எங்கோ பணம் கட்டி மாதிரித் தேர்வு எழுதிக்கொண்டிருந்தாள். ஆறு பேரில் நாலு பேர் எதையாவது ஒளித்து வைத்திருந்தோம்! குடியாத்தம் அக்காவிடமும் ஆரணியிடமும்தான் ஒன்றும் இல்லை. அந்த ஞாயிற்றுக்கிழமை முழுக்க நான் ஜெராக்ஸ் கடையில் நின்றேன்.

ஆரணித் தம்பி பிப்ரவரியில் விலகினான். ரைஸ் மில்லில் கணக்கு எழுதிக்கொண்டிருந்தவன். ஒரு இரவு பதினொன்றே முக்காலுக்கு 'வெளியேறினார்' என்று குழுவில் ஒரு வரி வந்தது, அவ்வளவுதான். ஏன் என்று நாங்கள் ஒருவர்கூடக் கூப்பிட்டுக் கேட்கவில்லை. நாகரிகம் என்று அப்போது நினைத்துக்கொண்டோம். முகம் பார்க்காத பழக்கத்தில் இது ஒரு கெட்ட வசதி. பக்கத்துப் பெஞ்சில் இருந்தவன் நாலு நாள் வராவிட்டால் வீட்டுக்குப் போய்ப் பார்த்திருப்போம்.

அவன் இடத்துக்கு வந்தவன் பீஞ்சமந்தை. ஒடுகத்தூருக்கு மேலே மலையில் ஊர். ஐந்து மணி மீட் அவனுக்குச் சாத்தியமே இல்லை, சிக்னல் கிடையாது. கீழே இறங்கும் நாளில் எங்கள் ஒரு வாரத்துக் குரல் செய்திகளும் மொத்தமாக அவன் போனில் வந்து விழும். நோட்டில் எழுதி வைத்த கேள்விகளைப் படம் பிடித்து எங்களுக்கு அனுப்பிவிட்டு மறுபடி ஏறிவிடுவான். அவன் கேள்விகள்தான் எங்களுக்குக் கிலி. அவனிடம் சமச்சீர் பாடப் புத்தகங்கள் மட்டுமே இருந்தன, பிடிஎஃப் சுருக்கம் எதுவும் இல்லை. அதனால் பெட்டிச் செய்தி, படத்துக்குக் கீழே உள்ள பொடி எழுத்து, பாட முடிவின் சொற்பொருள் என்று நாங்கள் யாரும் எட்டிப் பார்க்காத மூலையிலிருந்து எடுப்பான்.

ஜூலை 10, 2022, ஞாயிறு. தேர்வுக்கு இன்னும் இரண்டே வாரம். அன்று வேலூர்க் கலகத்து நாள். 1806-இல் அதே தேதி விடியற்காலையில்தான் சிப்பாய்கள் எழுந்தார்கள். அந்த ஒருநாள் மட்டும் வீடியோ என்று முடிவு செய்தோம். கணவரை எழுப்பி வண்டியில் கோட்டைக்குப் போனேன். இருட்டு பிரியாத நேரம், அகழித் தண்ணீரோரம் நடைப்பயிற்சிக்காரர்கள் நாலைந்து பேர். போனைத் தூக்கிப் பிடித்து மதிலைக் காட்டினேன். படம் கட்டம் கட்டமாக உடைந்து உடைந்து போயிற்றாம், குரல் மட்டும் கேட்டிருக்கிறது. தோல் பட்டை வைத்த புதுத் தலைப்பாகை, தாடியைக் குறைக்க வேண்டும், நெற்றிக் குறி கூடாது என்ற உத்தரவு, கிராடக் தளபதி, பெண்டிங் ஆளுநர், கொல்லப்பட்ட கோட்டைத் தளபதி பேன்கோர்ட், கொடிமரத்தில் ஏறிய திப்புவின் புலிக்கொடி என்று வரிசையாக நான் கேட்க, அவர்கள் சொன்னார்கள்.

"உதவிப்படை எங்கேயிருந்து வந்துச்சு?"

"ஆற்காடு" என்று மூன்று குரல்.

"எல்லாத்தையும் கெடுத்தது ஆற்காடுதான்" என்றார் அண்ணன்.

"ஏங்க, கில்லஸ்பி வந்தா நான் என்ன பண்ணுவேன்? தினம் அதே ரோட்டுல வேலூருக்கு பஸ்ல வரேன், இருபத்தஞ்சு கிலோமீட்டருக்கு ஒரு மணி நேரம் ஆவுது. அந்தாளு பீரங்கியோட வந்து அன்னிக்கே அடக்கிட்டான்."

மைக்கை ஒருபோதும் திறக்காத குடியாத்தம் அக்கா அன்று வாய்விட்டுச் சிரித்தார். அந்த நேரத்தில் அவர் குரலை ஆண்கள் கேட்டது அதுதான் முதல் தடவை. உடனே மூடிக்கொண்டார்.

ஜூலை 24 தேர்வு, காலை ஒன்பதரை முதல் பன்னிரண்டரை வரை. அதைப் பற்றிச் சொல்ல அதிகமில்லை. ஆகுபெயர் பார்த்ததும் சிரிப்பு வந்தது, அறைக் கண்காணிப்பாளர் முறைத்தார். விடை தெரியாதவற்றுக்கு 'E' வட்டத்தைக் கறுப்பாக்கும்போது மக்கு நேரம் ஞாபகம் வந்தது. முடிவு வர எட்டு மாதம் ஆனது. அந்த எட்டு மாதத்தில் குழு கிட்டத்தட்டச் செத்துவிட்டது. ஐந்து மணி அலாரத்தை அணைக்காமல் வைத்திருந்தேன், எழுந்து குழாயடிக்குப் போவேன். மாமியார் மட்டும் கேட்டுக்கொண்டிருப்பார், "இன்னா, பசங்க யாரும் வர்றதே இல்ல?"

2023 மார்ச் 24, வெள்ளிக்கிழமை, முடிவு வந்தது. எல்லாரும் ஆன்லைனில் இருப்பது தெரிகிறது, யாரும் எதுவும் எழுதவில்லை. தேறியவர் எப்படி முதலில் சொல்வார், தேறாதவர் ஏன் சொல்ல வேண்டும்? இரண்டு மணி நேரம் அப்படியே போயிற்று. கடைசியில் குடியாத்தம் அக்காதான் எழுதினார்: 'எனக்கு இல்லை. யாருக்கு இருக்குன்னு சொல்லுங்க, வாழ்த்தணும்.'

எனக்கும் இல்லை. ஆம்பூர் அண்ணனுக்கும் இல்லை. காட்பாடிக்கும் ஆற்காட்டுக்கும் கலந்தாய்வில் வேலை கிடைத்தது. தமிழுக்குப் பயந்து விலகுகிறேன் என்றவள் தமிழில் என்னைவிட இரண்டு கேள்வி கூடுதலாகச் சரியாகப் போட்டிருந்தாள். பொறாமை இல்லை என்று எழுதினால் அது பொய். இரண்டு நாள் அவள் அழைப்பை எடுக்கவில்லை. மூன்றாம் நாள் குரல் செய்தி வந்தது: "அக்கா, திங்கக்கிழமை அஞ்சு மணிக்கு லிங்க் போடறேன். ஒன்பதாம் வகுப்பு இயல் ஒண்ணு. பத்துக் கேள்வி நான் எடுத்துட்டேன்."

திங்கட்கிழமை எழுந்து முறத்துக்குப் பக்கத்தில் போனை வைத்தேன். குடியாத்தம் வந்தது. பீஞ்சமந்தை அந்த வாரம் கீழேதான் இருந்தது போல, முதல்முறையாக நேரடியாக வந்தது. புதிதாக ஒரு பெண் குரல், யார் சேர்த்தார்கள் என்று தெரியவில்லை, தயங்கித் தயங்கி, "வணக்கம், நான் வாணியம்பாடி" என்றது.

மாமியார் இலையைக் கீழே வைத்துவிட்டு நிமிர்ந்தார். "அது யாரு புதுசா? சரி, ஆம்பூர் இன்னும் எழுந்துக்கலியா?"